புராஸ்டேட் புற்றுநோய்க்கான மரபணு மதிப்பெண்: அது யாரை அறியும், யாரை அறியாது?

பிரிட்டனில் நடந்த ஓர் ஆய்வின் முடிவுகள் 2025-ஆம் ஆண்டு ஏப்ரலில் வெளியாயின. லண்டனிலுள்ள புற்றுநோய் ஆராய்ச்சி நிறுவனத்தின் தலைமையில் நடந்த அந்த ஆய்வுக்கு ‘பார்கோட் 1’ என்று பெயர். 55 முதல் 69 வயது வரையிலான ஆண்கள் வீட்டிலிருந்தபடியே ஒரு குழாயில் உமிழ்நீரைச் சேகரித்து அனுப்பினர். அதிலிருந்து பிரித்தெடுத்த டி.என்.ஏ.வில் 130 இடங்களைப் படித்து, ஒவ்வொருவருக்கும் புராஸ்டேட் புற்றுநோய்க்கான மரபணு மதிப்பெண் ஒன்று கணக்கிடப்பட்டது. மதிப்பெண் கிடைத்த 6,393 பேரில், மேல் பத்து விழுக்காட்டுக்கான எல்லையை எட்டிய 745 பேர் எம்.ஆர்.ஐ. ஸ்கேனுக்கும் பயாப்ஸிக்கும் அழைக்கப்பட்டனர். வந்து பரிசோதித்துக்கொண்ட 468 பேரில் 187 பேருக்கு, அதாவது 40 விழுக்காட்டினருக்கு, புற்றுநோய் இருப்பது தெரியவந்தது. அவர்களுள் 103 பேருக்கு இருந்தது சிகிச்சை தேவைப்படும் வகை. அந்த 103 பேரில் 74 பேரின் நோய், அங்கு இப்போது வழக்கத்திலுள்ள ரத்தப் பரிசோதனையும் ஸ்கேனும் கொண்ட நடைமுறையில் அகப்பட்டிருக்காது.

கவர்ச்சியான எண்கள்தான். ஆனால் அந்த ஆய்வில் சேர்க்கப்பட்டவர்கள் ஐரோப்பிய வம்சாவளியைச் சேர்ந்தவர்கள் மட்டுமே என்பதையும் உடன் சேர்த்துப் படிக்க வேண்டும். ஆய்வாளர்கள் மறந்துபோய் அப்படிச் செய்யவில்லை. அந்த 130 இடங்களும் ஒவ்வொன்றுக்கும் கொடுக்கப்பட்ட எடையும் பெரும்பாலும் ஐரோப்பிய வம்சாவளி ஆண்களை ஆராய்ந்து பெறப்பட்டவை. வேறு வம்சாவளியினரிடம் அதே கணக்கை அப்படியே போட்டால் விடை பிசகும் என்று அவர்களுக்குத் தெரியும். மனிதர்கள் அனைவருக்கும் டி.என்.ஏ. ஏறத்தாழ ஒன்றே, புற்றுநோயும் ஒன்றே. அப்படியிருக்க ஒரு கூட்டத்தினரிடம் கற்ற கணக்கு இன்னொரு கூட்டத்தினரிடம் ஏன் பிசக வேண்டும்? இந்தக் கேள்விக்கான விடையைத்தான் இக்கட்டுரை தொடக்கத்திலிருந்து விளக்க முயல்கிறது.

பரம்பரையின் பங்கு

புராஸ்டேட் என்பது ஆண்களின் சிறுநீர்ப்பைக்குக் கீழே இருக்கும் ஒரு சிறு சுரப்பி. உலகளவில் ஆண்களுக்கு வரும் புற்றுநோய்களில் நுரையீரல் புற்றுநோய்க்கு அடுத்தபடியாக அதிகம் கண்டறியப்படுவது இதில் தோன்றும் புற்றுநோயே. 2022-ஆம் ஆண்டில் மட்டும் ஏறத்தாழ 14.7 லட்சம் பேருக்கு இது புதிதாகக் கண்டறியப்பட்டதாகவும், சுமார் 3.97 லட்சம் பேர் இதனால் இறந்ததாகவும் சர்வதேசப் புற்றுநோய் ஆராய்ச்சி முகமை மதிப்பிடுகிறது.

பொதுவாகக் காணப்படும் புற்றுநோய்களில் பரம்பரையின் பங்கு மிக அதிகமாக இருப்பவற்றுள் இதுவும் ஒன்று. ஒரே கருவிலிருந்து பிரிந்த இரட்டையரையும் இரு வேறு கருக்களில் தோன்றிய இரட்டையரையும் ஒப்பிட்டு, வட ஐரோப்பாவிலுள்ள நார்டிக் நாடுகளில் நடத்தப்பட்ட ஆய்வொன்று, இந்நோய் வரும் வாய்ப்பில் ஆளுக்கு ஆள் காணப்படும் வேறுபாட்டில் 57 விழுக்காட்டைப் பரம்பரையால் விளக்க முடியும் என்று 2016-இல் கணக்கிட்டது. இந்த எண்ணைப் பலரும் தவறாகப் படிப்பதுண்டு. ஒருவருக்கு வந்த நோயில் 57 விழுக்காடு மரபணுவாலும் மீதி வாழ்க்கைமுறையாலும் வந்தது என்று அதற்குப் பொருளில்லை. அந்த நாடுகளில், அந்தச் சூழலில் வாழ்ந்த மக்கள்தொகைக்குள் காணப்பட்ட ஏற்றத்தாழ்வைப் பற்றிய கூற்று அது.

பரம்பரை வழியாக வரும் இடர் இரண்டு வடிவங்களில் வருகிறது. ஒன்று, அரிதான, ஆனால் தனித்தே வலுவான மாற்றங்கள். மார்பகப் புற்றுநோயோடு சேர்த்துப் பலரும் கேள்விப்பட்டிருக்கும் பி.ஆர்.சி.ஏ. 2 மரபணுவில் ஏற்படும் பழுது இவ்வகையைச் சேர்ந்தது. மற்றொன்று, எங்கும் காணப்படுகிற, ஒவ்வொன்றும் தன்னளவில் மிக அற்பமான விளைவையே தருகிற மாறுபாடுகள். டி.என்.ஏ.வின் ஏறத்தாழ 300 கோடி எழுத்துகளில் ஓர் இடத்தில் உங்களுக்கு ஓர் எழுத்தும் எனக்கு வேறோர் எழுத்தும் இருக்கலாம். அதனால் இருவரில் ஒருவரது இடர் ஐந்து அல்லது பத்து விழுக்காடு கூடலாம். தனியாகப் பார்த்தால் அது ஒன்றுமில்லை. அப்படிப்பட்ட நூற்றுக்கணக்கான இடங்களை ஒன்றாகக் கூட்டினால் கிடைப்பதுதான் பன்மரபணு இடர் மதிப்பெண்.

மதிப்பெண் கணக்கிடப்படும் விதம்

நோயுள்ள ஆயிரக்கணக்கானோரையும் நோயற்ற ஆயிரக்கணக்கானோரையும் எடுத்துக்கொண்டு, இரு தரப்பினரின் டி.என்.ஏ.விலும் லட்சக்கணக்கான இடங்களை ஒப்பிடுகிறார்கள். ஓர் இடத்தில் குறிப்பிட்ட எழுத்து நோயுள்ளவர்களிடம் சற்றே அதிகமாகக் காணப்பட்டால், அந்த எழுத்துக்கு ஓர் எடை கொடுக்கப்படும். பெற்றோர் இருவரிடமிருந்தும் ஒவ்வொரு பிரதி வருவதால், ஒருவரிடம் அந்த எழுத்து ஒன்றுமே இல்லாமலோ, ஒருமுறையோ, இருமுறையோ இருக்கலாம். எடுத்துக்காட்டாக, ஒரு பிரதி இடரைப் பத்து விழுக்காடு கூட்டும் என்றால், இரண்டு பிரதிகள் உள்ளவருக்கு அது 1.1 மடங்கின் 1.1 மடங்கு, அதாவது 1.21 மடங்காகும். இப்படி எல்லா இடங்களையும் கணக்கில் சேர்த்து வருவதே மதிப்பெண். அதன் கணிதம் அவ்வளவுதான். எடைகளைப் பெறுவதில்தான் உழைப்பெல்லாம் இருக்கிறது.

அந்த உழைப்பு வேகமாக வளர்ந்து வந்திருக்கிறது. 2018-இல் அறியப்பட்ட இடங்கள் ஏறத்தாழ 150. 2021-இல், நோயுள்ள 1,07,247 பேரையும் நோயற்ற 1,27,006 பேரையும் கொண்ட பல வம்சாவளி ஆய்வு அந்த எண்ணிக்கையை 269 ஆக உயர்த்தியது. 2023-இல் வெளியான அடுத்த ஆய்வில் நோயுள்ளோர் 1,56,319 பேர், நோயற்றோர் 7,88,443 பேர்; இடங்கள் 451. அந்த 1,56,319 பேரில் 1,22,188 பேர் ஐரோப்பிய வம்சாவளியினர். ஆப்பிரிக்க வம்சாவளியினர் 19,391 பேர், கிழக்காசிய வம்சாவளியினர் 10,809 பேர், லத்தீன் அமெரிக்கப் பின்னணி கொண்டோர் 3,931 பேர். பன்முகத்தன்மையில் இத்துறையின் முன்வரிசையில் நிற்கும் ஆய்விலேயே இதுதான் விகிதம். தெற்காசியர் என்ற தனிப்பிரிவு அதில் இல்லை.

இது புராஸ்டேட் புற்றுநோய்க்கு மட்டும் உரிய குறையன்று. இவ்வகை ஒப்பாய்வுகள் அனைத்திலும் பங்கேற்றவர்களில் ஐரோப்பிய வம்சாவளியினர் 2009-இல் 96 விழுக்காடு. 2016-இல் 81 விழுக்காடு. ஒரு பானை சோற்றுக்கு ஒரு சோறு பதம் என்போம். அந்தப் பழமொழி பேசுவது ஒரே பானையைப் பற்றி என்பதை மறந்துவிட்டால் வரும் சிக்கல் இது.

சுவடிகளும் பாடபேதங்களும்

மதிப்பெண் ஏன் இடம் மாறினால் பிசகுகிறது என்பதற்கு வருவோம். கட்டுரையின் கடினமான பகுதி இதுவே. பழைய ஓலைச்சுவடிகளின் உதவியோடு இதை எளிதாக்கலாம்.

ஒரு நூலைப் பலர் பல காலம் பெயர்த்தெழுதி வந்திருக்கிறார்கள் என்று கொள்வோம். ஒருவர் எழுதும்போது ஒரு செய்யுளில் முக்கியமான ஓர் அடி விடுபட்டுப் போகிறது. அதே ஏட்டில் இரண்டு வரி தள்ளி, பொருளை மாற்றாத ஓர் எழுத்துப் பிழையும் நேர்கிறது. அந்த ஏட்டைப் பார்த்துப் படியெடுத்த எல்லாச் சுவடிகளிலும் இரண்டு பிழைகளும் சேர்ந்தே வரும். பிற்காலத்தில் பதிப்பாசிரியர் ஒருவர், விடுபட்ட அடியை நேரே கவனிக்காமல், அந்த எழுத்துப் பிழையை மட்டும் கண்டே “இது அடி விடுபட்ட வழியைச் சேர்ந்த சுவடி” என்று சொல்லிவிடலாம். பெரும்பாலும் அவர் சொல்வது சரியாகவே இருக்கும். ஆனால் வேறோர் ஊரில், வேறொரு மூலத்திலிருந்து படியெடுக்கப்பட்டு வந்த சுவடிகளில் அதே எழுத்துப் பிழை இருக்கலாம், அடி விடுபடாமல் இருக்கலாம். அல்லது அடி விடுபட்டிருக்கும், எழுத்துப் பிழை இருக்காது. முதல் ஊரில் கற்ற குறிப்பை வைத்துக்கொண்டு இரண்டாம் ஊர்ச் சுவடிகளை வகைப்படுத்தினால் அவர் அடிக்கடி ஏமாறுவார்.

மரபணு ஒப்பாய்வு செய்வதும் பெரும்பாலும் இதுவே. அது கண்டுபிடிக்கும் 451 இடங்களில் பல, நோயை உண்டாக்கும் இடங்களே அல்ல. நோயை உண்டாக்கும் இடத்துக்குப் பக்கத்தில் இருப்பதால் அதனோடு சேர்ந்தே பரம்பரையாக வரும் அடையாளக் குறிகள். டி.என்.ஏ.வில் அருகருகே உள்ள எழுத்துகள் கூட்டமாகவே அடுத்த தலைமுறைக்குப் போகின்றன. ஒவ்வொரு தலைமுறையிலும் தாய்வழிக் குரோமோசோமும் தந்தைவழிக் குரோமோசோமும் துண்டுகளை மாற்றிக்கொள்வதால், இந்தக் கூட்டங்கள் காலப்போக்கில் சிறிதாக உடைகின்றன. ஆப்பிரிக்கா மனித இனத்தின் மிகப் பழைய இருப்பிடம். அங்குள்ள மக்கள்தொகைகளில் துண்டு மாற்றம் நெடுங்காலம் நிகழ்ந்திருக்கிறது. ஆகவே சேர்ந்து வரும் கூட்டங்கள் அங்கே குட்டையானவை. ஆப்பிரிக்காவை விட்டு வெளியேறியவர்கள் சிறு குழுக்களாகச் சென்றவர்கள். அவர்களின் சந்ததியினரிடம் கூட்டங்கள் நீளமாக இருக்கின்றன. ஐரோப்பியரிடம் நோய்க்கான இடத்தை நம்பகமாகச் சுட்டிக்காட்டிய குறி, ஆப்பிரிக்க வம்சாவளியினரிடம் அந்த இடத்திலிருந்து பிரிந்து போயிருக்கலாம். அப்போது அந்தக் குறிக்குக் கொடுத்த எடை வெற்று எடையாகிவிடும்.

இதையே திருப்பிப் போட்டால் ஒரு நன்மையும் இருக்கிறது. நீளமான கூட்டத்துக்குள் ஐம்பது எழுத்துகள் சேர்ந்தே வருமானால், அவற்றில் எது உண்மையான குற்றவாளி என்று ஐரோப்பியத் தரவை மட்டும் வைத்துச் சொல்ல முடியாது. குட்டையான கூட்டங்களைக் கொண்ட ஆப்பிரிக்க வம்சாவளித் தரவைச் சேர்க்கும்போது, சந்தேகத்துக்குரியவை ஐம்பதிலிருந்து நாலைந்தாகக் குறையலாம். பலவகை மக்களைச் சேர்ப்பதை நியாயம் என்ற ஒரு காரணத்துக்காக மட்டுமே செய்வதுபோலப் பேசுவது வழக்கமாகிவிட்டது; அறிவியல் துல்லியத்துக்கும் அது தேவை என்பது போதிய அளவு சொல்லப்படுவதில்லை என்றே எனக்குத் தோன்றுகிறது.

ஒரு கூட்டத்தில் மட்டும் இருப்பவை

குறி பிசகுவது ஒருபுறம் இருக்க, சில மாறுபாடுகள் சில வம்சாவளிகளில் மட்டுமே இருக்கின்றன. இதற்கு எட்டாம் குரோமோசோமில் 8க்யூ24 என்று குறிக்கப்படும் பகுதியைவிடச் சிறந்த எடுத்துக்காட்டு இல்லை. புராஸ்டேட் புற்றுநோயோடு இப்பகுதிக்குத் தொடர்பு உண்டு என்பது 2006-ஆம் ஆண்டு இரு வழிகளில் தெரிந்தது. ஐஸ்லாந்தைச் சேர்ந்த குழு ஒன்று குடும்பங்களின் வழியே அங்கு வந்து சேர்ந்தது. அமெரிக்கக் குழு ஒன்று, ஆப்பிரிக்க அமெரிக்க ஆண்களின் டி.என்.ஏ.வில் ஆப்பிரிக்க மூதாதையரிடமிருந்து வந்த துண்டுகள் எந்த இடத்தில் நோயாளிகளிடம் அதிகமாகக் குவிந்திருக்கின்றன என்று தேடி, அதே இடத்தில் வந்து நின்றது. துறையின் தொடக்கக்காலக் கண்டுபிடிப்பொன்றுக்கே இரு வகை மக்களும் பங்களித்திருக்கிறார்கள். பின்னர் தரவு ஒரு பக்கமாகவே குவிந்துபோனது சற்று வியப்பானது.

அதே 8க்யூ24 பகுதியில், ஆப்பிரிக்க வம்சாவளியினரிடம் மட்டுமே காணப்படும் ஒரு மாறுபாடு பின்னர் அடையாளம் காணப்பட்டது. அவர்களிடையே அந்த எழுத்தின் பரவல் ஏறத்தாழ 6 விழுக்காடு. அது இடரை ஏறக்குறைய இரு மடங்காக்குகிறது. பொதுவாகக் காணப்படும் மாறுபாடுகளில் இத்தனை வலுவானது அபூர்வம். ஐரோப்பிய வம்சாவளியினரை எத்தனை லட்சம் பேர் ஆராய்ந்தாலும் இது அகப்பட்டிருக்காது. அவர்களிடம் இல்லாததை அவர்களிடம் தேடிக் காண முடியாது.

ஹெச்.ஓ.எக்ஸ்.பி. 13 என்ற மரபணுவின் கதையும் இதற்கு இணையானது. அதில் நோயோடு தொடர்புடைய மாற்றம் ஒன்று 2012-இல் ஐரோப்பிய வம்சாவளிக் குடும்பங்களில் கண்டறியப்பட்டது. அது நார்டிக் நாட்டவரிடையே கூடுதலாகக் காணப்படுகிறது. அதே மரபணுவில் சீன ஆண்களிடம் வேறொரு மாற்றமும், ஜப்பானிய ஆண்களிடம் இன்னொரு மாற்றமும், மேற்கு ஆப்பிரிக்க மூதாதையரைக் கொண்டோரிடம் மற்றுமொரு மாற்றமும் பின்னர் தெரியவந்தன. பழுதடைவது ஒரே மரபணு. பழுதின் முகவரி மட்டும் வம்சத்துக்கு வம்சம் வேறு. முதலில் கண்ட முகவரியை மட்டும் சோதித்துவிட்டு “உங்களிடம் மாற்றம் இல்லை” என்று சொல்லும் பரிசோதனை, மற்ற வம்சத்தவருக்குப் பொய்யான நிம்மதியைத் தரும்.

ஆப்பிரிக்க வம்சாவளி ஆண்களை மட்டும் கொண்டு 2023-இல் வெளியான ஆய்வொன்று புதிதாக ஒன்பது மாறுபாடுகளைக் கண்டது. அவற்றில் ஏழு, பெரும்பாலும் அவர்களிடமோ அவர்களிடம் மட்டுமோ காணப்படுபவை.

வரிசைப்படுத்துவது வேறு, அளந்து சொல்வது வேறு

ஒரு மதிப்பெண் நன்றாக வேலை செய்கிறது என்று சொல்லும்போது, இரண்டு தனித்தனித் திறன்களை நாம் கலந்துவிடுகிறோம். ஒரு கூட்டத்துக்குள் யாருக்கு இடர் அதிகம், யாருக்குக் குறைவு என்று வரிசைப்படுத்துவது ஒரு திறன். ஒருவருக்கு இந்த வயதுக்குள் நோய் வரும் வாய்ப்பு நூற்றுக்கு இத்தனை என்று சரியான எண்ணைச் சொல்வது வேறொரு திறன். முதலாவதில் தேறிய மதிப்பெண் இரண்டாவதில் படுதோல்வி அடையலாம்.

வரிசைப்படுத்தும் திறனை 2021-ஆம் ஆண்டின் ஆய்வு இப்படிக் காட்டியது. தத்தம் வம்சாவளியில் நடுத்தர மதிப்பெண் பெற்றோரோடு ஒப்பிட்டபோது, மேல் பத்து விழுக்காட்டில் இருந்த ஐரோப்பிய வம்சாவளியினருக்கு இடர் 5.06 மடங்கு; ஆப்பிரிக்க வம்சாவளியினருக்கு 3.74 மடங்கு. இரு கூட்டத்திலும் மதிப்பெண் பயன்படுகிறது. ஒன்றில் கூர்மை குறைவு. பல வம்சாவளித் தரவு கலந்து உருவாக்கப்பட்ட மதிப்பெண்ணிலேயே இந்த இடைவெளி இருந்தது. ஐரோப்பியத் தரவிலிருந்து பெற்ற எடைகளை வேறு வம்சாவளிகளில் சோதித்து, பல்வேறு உடற்பண்புகளின் சராசரியை எடுத்த 2019-ஆம் ஆண்டுக் கணக்கொன்றில், கணிப்புத் துல்லியம் கிழக்காசியரிடம் ஏறத்தாழ பாதியாகவும், ஆப்பிரிக்க வம்சாவளியினரிடம் நான்கரையில் ஒரு பங்காகவும் சுருங்கியது.

இரண்டாவது திறனில்தான் அதிகம் வழுக்கி விழுகிறோம். அதே 2021-ஆம் ஆண்டு ஆய்வில், ஐரோப்பிய வம்சாவளியினரின் சராசரி மதிப்பெண்ணோடு ஒப்பிட்டால் ஆப்பிரிக்க வம்சாவளியினரின் சராசரி 2.18 மடங்கு, கிழக்காசியரின் சராசரி 0.73 மடங்கு. இதை எப்படிப் படிப்பது? அமெரிக்காவில் கறுப்பின ஆண்களுக்கு இந்நோய் வெள்ளையின ஆண்களைவிட ஏறத்தாழ 1.7 மடங்கு அதிகமாகக் கண்டறியப்படுகிறது. இதனால் இறப்பதும் ஏறத்தாழ இரு மடங்கு. மதிப்பெண்களின் சராசரியும் அதே திசையில் இருப்பதைப் பார்த்தவுடன், வேறுபாடு முழுவதையும் மரபணு விளக்கிவிட்டது என்று முடிவு கட்டும் ஆசை வரும். அந்த ஆசைக்கு இடம் கொடுப்பது ஆபத்து. எந்தெந்த இடங்கள் மதிப்பெண்ணுக்குள் வந்தன என்பதே யாரை ஆராய்ந்தோம் என்பதைப் பொறுத்தது; ஆகவே கூட்டங்களுக்கு இடையிலான சராசரி வேறுபாட்டில் உண்மையும் தேர்வின் சாய்வும் பிரிக்க முடியாமல் கலந்திருக்கும். உயரத்துக்கான மதிப்பெண்ணை ஐரோப்பியத் தரவிலிருந்து உருவாக்கி உலக மக்களிடம் போட்டுப் பார்த்தபோது, ஆப்பிரிக்கர்கள் ஐரோப்பியரைவிட வெகுவாகக் குள்ளமானவர்கள் என்று அது சொன்னது. உயரத்தைக் கண்ணால் பார்த்துச் சரிபார்க்க முடிந்ததால் கணக்கின் பிழை உடனே தெரிந்தது. புற்றுநோய் இடரைக் கண்ணால் பார்க்க முடியாது.

இது ஏட்டளவிலான கவலையன்று. ஐரோப்பிய வம்சாவளியினரில் பத்தில் ஒருவர் மட்டுமே கடக்கும்படி ஓர் எல்லைக்கோட்டை வைத்திருக்கிறோம் என்று கொள்வோம். இன்னொரு கூட்டத்தின் சராசரி ஒரு நியமவிலகல் அளவு (மதிப்பெண்கள் சராசரியிலிருந்து வழக்கமாகச் சிதறியிருக்கும் தூரம்) மேலே நகர்ந்திருந்தால், அதே கோட்டை அவர்களில் பத்தில் நான்கு பேர் கடந்துவிடுவர். நாற்பது விழுக்காட்டு ஆண்களை ஸ்கேனுக்கும் பயாப்ஸிக்கும் அனுப்புவதா? மறுபுறம், சராசரி கீழே இருக்கும் கூட்டத்தில் ஏறத்தாழ எவருமே கோட்டைத் தொடமாட்டார்கள்; தம் கூட்டத்துக்குள் உண்மையிலேயே அதிக இடர் உள்ளவரும் விடுபடுவார். அதனால் ஒருவருடைய மதிப்பெண்ணை அவருடைய வம்சாவளியினரின் பரவலுக்குள் வைத்தே படிக்க வேண்டும். அதோடு அந்த மக்கள்தொகையில் எந்த வயதில் எத்தனை பேருக்கு நோய் வருகிறது என்ற பதிவேட்டுக் கணக்கையும் சேர்க்க வேண்டும். அந்தப் பதிவேடு இல்லாத நாடுகளில் மதிப்பெண் இருந்தும் நூற்றுக்கு இத்தனை என்று சொல்ல முடியாது.

கற்றது நோயையா, பரிசோதனையையா?

இங்கே ஒரு சிறு விலகல் தேவைப்படுகிறது. புராஸ்டேட் புற்றுநோய் பெரும்பாலும் பி.எஸ்.ஏ. என்னும் புரதத்தின் அளவு ரத்தத்தில் உயர்ந்திருப்பதைக் கொண்டே முதலில் சந்தேகிக்கப்படுகிறது. அந்தப் புரதத்தின் அளவையே மரபணுக்கள் ஓரளவு தீர்மானிக்கின்றன. நோய் ஏதுமின்றி இயல்பிலேயே பி.எஸ்.ஏ. அதிகமுள்ள ஆண் அடிக்கடி பயாப்ஸிக்கு அனுப்பப்படுவார். வயதான ஆண்கள் பலரின் புராஸ்டேட்டில் வாழ்நாள் முழுவதும் தொல்லை தராத சிறு புற்றுகள் இருப்பதால், தேடத் தேட ஏதாவது அகப்படும். அப்போது, பி.எஸ்.ஏ.வைக் கூட்டும் மாறுபாடு புற்றுநோயைக் கூட்டும் மாறுபாடுபோலத் தரவில் தோற்றமளிக்கும். பி.எஸ்.ஏ.வைத் தயாரிக்கும் கே.எல்.கே. 3 மரபணுவின் அருகிலுள்ள மாறுபாடுகளைப் பற்றி இந்த ஐயம் நெடுநாளாக உண்டு. பரிசோதனைப் பழக்கம் நாட்டுக்கு நாடு வேறு என்பதால், இந்தச் சாய்வும் எல்லா வம்சாவளித் தரவிலும் ஒரே அளவில் இருக்காது. ஒருவரது இயல்பான பி.எஸ்.ஏ. அளவை மரபணுக் கணக்கால் சரிக்கட்டிப் படிக்கும் முயற்சி 2023-இல் வெளியான ஓர் ஆய்வில் முன்வைக்கப்பட்டது. வீண் பயாப்ஸிகளைக் குறைக்க அது உதவக்கூடும்.

இதோடு சேர்ந்ததுதான் வீரியம் பற்றிய கேள்வி. நோய் வருமா என்பதை இந்த மதிப்பெண் ஓரளவு சொல்கிறது; வந்தால் கொல்லுமா என்பதை மிகக் குறைவாகவே சொல்கிறது. பி.எஸ்.ஏ. வழியே கண்டறியப்பட்ட, பரவாத நிலையிலிருந்த 1,643 பிரிட்டிஷ் ஆண்களைச் சுமார் 15 ஆண்டுகள் தொடர்ந்த ‘புரொடெக்ட்’ ஆய்வில், அறுவை, கதிர்வீச்சு, வெறும் கண்காணிப்பு என எந்த வழியில் சென்றவர்களிலும் இந்நோயால் இறந்தோர் ஏறத்தாழ 3 விழுக்காட்டினரே. ஆகவே ‘அதிகமாகக் கண்டுபிடித்தோம்’ என்பது தன்னளவில் வெற்றியாகிவிடாது.

இறப்பில் காணப்படும் ஏற்றத்தாழ்வை மரபணுவின் தலையில் கட்டுவதும் சரியாகாது. அமெரிக்க முன்னாள் படைவீரர்களுக்கான பொது மருத்துவ அமைப்பில், எல்லோருக்கும் ஒரே மாதிரி சிகிச்சை கிடைக்கும் சூழலில், நோய் கண்டறியப்பட்ட கறுப்பின ஆண்களின் இறப்பு விகிதம் வெள்ளையினத்தவரைவிட மோசமாக இல்லை என்று 2020-இல் வெளியான ஆய்வு காட்டியது. எப்போது கண்டறிகிறார்கள், யார் சிகிச்சை தருகிறார்கள், காப்பீடு உண்டா என்பவை டி.என்.ஏ.வில் எழுதப்பட்டவை அல்ல.

கூட்டத்துக்குள் கூட்டம்

இதுவரை ‘ஆப்பிரிக்க வம்சாவளி’, ‘ஐரோப்பிய வம்சாவளி’ என்று எழுதிவந்தது வசதிக்காக. அந்தப் பெயர்களும் அவ்வளவு உறுதியானவை அல்ல. ஆப்பிரிக்க அமெரிக்கர்களின் டி.என்.ஏ.வில் சராசரியாக ஐந்தில் நான்கு பங்கு ஆப்பிரிக்க மூதாதையரிடமிருந்தும் மீதி பெரும்பாலும் ஐரோப்பிய மூதாதையரிடமிருந்தும் வந்தது. அவர்களது ஆப்பிரிக்கப் பங்கும் பெரும்பாலும் மேற்கு, மேற்கு-மத்திய ஆப்பிரிக்காவைச் சேர்ந்தது. அவர்களிடம் கற்றதைக் கண்டம் முழுவதற்கும் பொருத்த முடியுமா? கானா, நைஜீரியா, செனகல், தென்னாப்பிரிக்கா, உகாண்டா ஆகிய ஐந்து நாடுகளில், ஆப்பிரிக்க வம்சாவளி ஆண்களின் புராஸ்டேட் புற்றுநோயை ஆராயும் ‘மேட்கேப்’ கூட்டமைப்பு, நோயுள்ள 3,963 பேரையும் நோயற்ற 3,509 பேரையும் கொண்டு செய்த ஆய்வை 2024-இல் வெளியிட்டது. ஆப்பிரிக்காவுக்குள்ளேயே வட்டாரத்துக்கு வட்டாரம் இந்நோயின் மரபணு அமைப்பு வேறுபடுகிறது என்பதே அதன் முக்கியச் செய்தி. முந்தைய ஆய்வுகளின் லட்சங்களுக்குப் பக்கத்தில் அந்த எண்கள் சிறியவைதான். ஆனால் அங்கிருந்தே நேரடியாகத் திரட்டப்பட்டவை.

தாயும் தந்தையும் வெவ்வேறு கண்டத்தாராக இருக்கும் ஒருவரை எந்தப் பரவலுக்குள் வைத்துப் படிப்பது என்ற கேள்வியும் உண்டு. ஒரு வழி, அவருடைய குரோமோசோமின் ஒவ்வொரு துண்டும் எந்த மூதாதையரிடமிருந்து வந்தது என்று பிரித்து, அந்தத் துண்டுக்கு அந்த வம்சாவளியின் எடையையே பயன்படுத்துவது. இன்னொரு வழி, கூட்டப் பெயர்களையே விட்டுவிட்டு, மதிப்பெண் யாரிடம் கற்கப்பட்டதோ அவர்களிடமிருந்து இவர் மரபணு அளவில் எவ்வளவு தொலைவில் இருக்கிறார் என்று அளப்பது. 2023-இல் வெளியான ஓர் ஆய்வு, இந்தத் தொலைவு கூடக்கூட மதிப்பெண்ணின் துல்லியம் படிப்படியாகக் குறைந்துகொண்டே போவதைப் பல உடற்பண்புகளில் காட்டியது. ‘ஐரோப்பியர்’ என்று ஒரே பெயரில் அடைக்கப்பட்டவர்களுக்குள்ளும் அந்தச் சரிவு இருந்தது. கூட்டத்துக்கு ஒரு துல்லியம் என்று அறிவிப்பதைவிட, ஒவ்வொருவருடைய மதிப்பெண்ணோடும் அது எவ்வளவு கூடலாம், எவ்வளவு குறையலாம் என்ற வரம்பையும் சேர்த்தே அச்சிட்டுக் கொடுப்பது இதன்படி சாத்தியமாகிறது. தரவில் தம்மைப்போன்றோர் குறைவாக உள்ளவருக்கு அந்த வரம்பு அகலமாக இருக்கும். மருத்துவரிடம் மதிப்பெண்ணை எடுத்துச் செல்பவர் முதலில் கேட்க வேண்டியது அந்த அகலத்தைத்தான்.